‘கதவைப் பூட்டாதே’ பாட்டுக்கு அக்கா சொன்ன பொருள்

1

இந்தக் கதை ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வாய் தவறி அவளிடமே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எழுது. ஆனா எனக்குப் படிச்சுக் காட்டாம வெளிய விடாதே."

எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆக, நீங்கள் படிக்கப்போகும் ஒவ்வொரு வரியும் அவள் காதில் விழுந்து, அவள் வாயில் அரைபட்டு, தப்பிப் பிழைத்து வந்தது. அவள் அடிக்கச் சொன்ன சில இடங்களை அடிக்காமல் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். தம்பிக்கு அந்த உரிமைகூட இல்லையா?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அக்காவை நினைத்தால் பெருமை. நடுநிலையான கதைசொல்லிதான் வேண்டும் என்பவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கம் ஒன்று: ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவரை வெறித்தபடி அவள்—

[இங்கேயே நின்றுவிட்டது. "சுவர் பச்சை. நான் வெறிக்கவும் இல்லை, டிவி பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.]

தொடக்கம் இரண்டு: இசை என்பது மனித குலம் தனக்குத்தானே—

[இதற்கு அவள் கொட்டாவி விட்டாள்.]

தொடக்கம் மூன்று: ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மெக்கானிக் கடையில் சில பேர் கூடி ஒரே பாட்டைப் பற்றிப் பல வருஷமாகச் சண்டை போட்டார்கள்.

"இது சரி. இப்படியே போ" என்றாள். போகிறேன்.

2

கடை பைக் ரிப்பேர் கடை. கிழக்குப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது என்பதால் கழற்றிப் போட்ட வண்டிகளுக்கு நடுவில் ஸ்டூல், பழைய டயர், கவிழ்த்த டப்பா என்று கிடைத்ததில் எல்லோரும் உட்காருவோம். கடைக்காரரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கருத்து கிடையாது. டீ மட்டும் உண்டு. அதனால்தான் அந்தக் கூட்டம் இத்தனை காலம் உடையாமல் இருந்தது என்பது என் எண்ணம்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு ராக் குழு. நாங்கள் கல்லூரியில் இருந்தபோது இரண்டே ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோன குழு. அவர்களுடைய கடைசிப் பாட்டு ‘கதவைப் பூட்டாதே’. கிடார் இரைச்சலோடு தொடங்கும். டிரம்ஸ் இடிக்கும். பாடுகிறவர் தொண்டை நரம்பு தெறிக்கக் கத்துவார். வரிகள் என்னவோ கொஞ்சம்தான்:

கதவைப் பூட்டாதே, நான் இன்னும் போகவில்லை
விளக்கை அணைக்காதே, என் நிழல் உள்ளே இருக்கிறது
ஒரு சொல் மிச்சம், ஒரே ஒரு சொல் மிச்சம்
அதைச் சொன்னால் போய்விடுவேன்

இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பப் பாடி, கடைசியில் கிடார் அறுந்து விழுவதுபோல நின்றுவிடும்.

இதற்கு என்ன பொருள் என்பதில் எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி. முதலாவது மரணக் கட்சி. அதன் தலைவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் தவிக்கிறவர்களோடு காலம் தள்ளுகிறவர். அவர் கணக்கில் இது சாகக் கிடப்பவனின் பாட்டு. உயிர் வாசலில் நிற்கிறது, நிழலாகிய உடம்பு உள்ளே கிடக்கிறது, கடைசி வார்த்தை வந்துவிட்டால் கதை முடிந்தது.

இரண்டாவது சிறைக் கட்சி. தலைவர் கட்டுமான வேலையில் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் உச்சியில் இருக்கும் கூண்டுக்குள் ஏறினால் மதியம்தான் இறங்குவார். அதனால் அவருக்கு ‘மேலிடம்’ என்று பெயர். மேலிடத்தின் முடிவுப்படி இது விசாரணைக் கைதியின் பாட்டு. போலீஸ் கேட்கும் ஒரே ஒரு பெயரைச் சொன்னால் விடுதலை. அவன் சொல்ல மாட்டேன் என்கிறான்.

இரண்டும் பொருந்துகின்றன, பாருங்கள். அதுதான் தொல்லை.*

* எழுதிப் பாடியவரிடமே கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். கேட்டாயிற்று. அந்தப் பாடகர் உயிரோடு, சௌக்கியமாக இருக்கிறார். எந்தப் பேட்டியில் கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "பாடிப் பாருங்க, தெரியும்." எங்கள் கூட்டத்தின் ஒரே சட்டம் இதிலிருந்துதான் வந்தது. பொருள் சொல்கிறவர் வெறுமனே விளக்கம் கொடுத்துத் தப்பிக்க முடியாது. அந்தப் பொருள் கேட்கிறவருக்கு எட்டும்படி பாட்டைப் பாடிக் காட்ட வேண்டும். எட்டவில்லையா, உட்கார வேண்டியதுதான்.

பல் டாக்டர் நன்றாகவே பாடுவார். அவர் பாடினால் மயிர்க்கூச்செறியும், உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டு அம்மா சாப்பிட்டாளா என்று கேட்கத் தோன்றும். மேலிடம் பாடினால் யாரையாவது அடிக்கலாமா என்று இருக்கும். நான் பாடினால் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

3

அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. அவளே ஒரு கட்சி.

அவள் சொன்ன பொருள் கேட்டு முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். விருந்துக்கு வந்தவன் ஒருவன். சாப்பிட்டாயிற்று, பேசியாயிற்று, போயிட்டு வரேன் என்றும் சொல்லியாயிற்று. செருப்பையும் மாட்டிக்கொண்டான். ஆனால் கிளம்ப மனசில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு இன்னொரு பேச்சை எடுக்கிறான். அதுதான் பாட்டு என்றாள்.

"நம்ம வீட்டுல யாரு சொன்னவுடனே கிளம்பியிருக்காங்க? சித்தப்பா கேட்டைப் பிடிச்சுக்கிட்டே ஒரு கல்யாணத்தையே பேசி முடிச்சவரு. அந்த ஒரு சொல்லை அவன் வேணும்னேதான் கையில வச்சிருக்கான். சொல்லிட்டா போகணுமே."

நிழலுக்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. ஆள் வாசற்படியில் நிற்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் வாசல் விளக்கு எரிகிறது, அப்படியானால் நிழல் எங்கே விழும்? வீட்டுக்குள்தான் விழும். விருந்தாளி போனதும் முதலில் அணைப்பது வாசல் விளக்கைத்தானே? அதனால்தான் அணைக்காதே என்கிறான்.

பல் டாக்டர் மரியாதையாகத்தான் மறுத்தார். "மேடம், வழியனுப்புறதுக்கு எதுக்கு இவ்வளவு கத்தல்? பாடிக் காட்டுங்க பாக்கலாம்."

அக்கா எழுந்து பாடினாள். அவளுக்கு அப்போது குரல் என்றால் அப்படியொரு குரல். ஷட்டர் அதிரும். பக்கத்துக் கடை நாய் எழுந்து போகும். அந்தக் குரலில் வாசற்படி விருந்தாளி எங்கே தெரிவான்? வீட்டை எரிக்க வந்தவன்தான் தெரிந்தான். அவள் எத்தனை முறை பாடினாலும் அது கோபமாகவே வந்தது. உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் எழுந்தாள். தோற்றுத் தோற்று அலுக்காத ஜென்மம்.

4

இந்த இடத்தில் தொண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா சுருக்கமாகச் சொல்லச் சொன்னாள்.

தைராய்டில் கட்டி. எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று சோர்ந்துவிட்டது. இப்படி ஆகலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், ஆகிவிட்டது. ஷட்டரை அதிர வைத்த குரல் போய், உரசுகிற மாதிரி ஒரு சன்னக் குரல் மிஞ்சியது. அதுவும் நடுநடுவே காணாமல் போகும்.

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று அவள் அழுததாக. "அழுதேன்தான். அது என் கண்ணாடி, உன் கதைக்கு இல்லை" என்றாள். எடுத்துவிட்டேன்.]

அவள் வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வாய்தான் அந்தத் தொழிலுக்கு மூலதனம். கிளட்ச், கிளட்ச், கிளட்ச் என்று கத்தியே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள். ஆபரேஷனுக்குப் பிறகு பேசாமலே கற்றுக்கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்துப் போய் டேஷ்போர்டில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வேகம் குறை. இரண்டு தட்டு என்றால் பிரேக். படபடவென்று தட்டினால் நீ செய்வது எதுவுமே சரியில்லை.

வேலை நடந்தது. ஆனால் ஆள் ஒடுங்கிவிட்டாள். இரண்டு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். கல்யாண வீட்டில் தலையசைப்பு, ஃபோன் வந்தால் அவள் கணவரான மாமாவிடம் கொடுத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தாள், டயர்மேல் உட்கார்ந்தாள், கேட்டாள், போனாள். யாரும் அவளைப் பாடச் சொல்லவில்லை. இரக்கம் பார்த்துச் சும்மா இருந்தார்கள். என் அக்காவைப் பார்த்து நாலு பேர் இரக்கப்படுவதை நான் வாழ்க்கையில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் அந்தக் குழுவின் கடைசி ஆல்பத்தை மறுபடியும் வெளியிடப் போவதாகத் தகவல் வந்தது. உறைக்குள் ஒரு பக்கம் ரசிகர்களுக்காம். கடைசிப் பாட்டைப் பற்றி எங்கள் கூட்டம் எழுதித் தர வேண்டுமாம். ஒரு பக்கம்தான், ஒரு பொருளுக்குத்தான் இடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை எல்லோரும் பாடிக் காட்டுவது, அன்றே முடிவெடுப்பது என்று பேசி வைத்தார்கள்.

அக்காவின் பொருள் அச்சில் வர வேண்டுமானால் அவள் அந்தக் குரலில், எல்லோருக்கும் முன்னால் பாட வேண்டும். வேறு வழியில்லை. அவள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

5

கதையை நிறுத்திவிட்டு ஒரு சந்தேகம் கேட்கிறேன். பல் டாக்டர் உங்களுக்கு வில்லனாகத் தெரிகிறாரா? அப்படியென்றால் தப்பு என்னுடையது. முதல் வரைவில் அவருக்கு ஒரு தங்கப் பல்லும் ஒரு ஏளனச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். அக்கா இரண்டையும் பிடுங்கிவிட்டாள். "அவரு நல்ல மனுஷன்டா. என்னைத் தோற்கடிக்கணும்னு வெறியா உழைச்சவரு. அந்த மாதிரி ஒரு ஆள் கிடைக்கிறது லேசுல இல்லை" என்றாள்.

அவருக்கும் இந்தக் கதையைப் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பகுதியில் ஒரு இடத்தை அவர் அடியோடு மறுக்கிறார். அது எது என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

6

வர மாட்டேன் என்றவள் எப்படி வந்தாள்?

சனிக்கிழமை ஒரு அம்மாளுக்கு வகுப்பு. வங்கியில் வேலை, நடுத்தர வயசு, ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வேர்க்கும். மேட்டில் ஏறும்போது பின்னால் லாரி ஹாரன் அடிக்க, முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்துவிட்டது. அக்கா கரண்டியால் இரண்டு தட்டு தட்டினாள். ஹாரன் சத்தத்தில் அது கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

"நிறுத்துங்கம்மா."

கத்த முடியாதே. அதனால் அந்த அம்மாள் பக்கம் சாய்ந்து, காதோடு சாதாரணமாகச் சொன்னாள். அந்த அம்மாள் பட்டென்று நிறுத்திவிட்டார். சைக்கிள் போனது, லாரி திட்டிக்கொண்டே சுற்றிப் போனது. மூச்சு வாங்கிய பிறகு அந்த அம்மாள் திரும்பிச் சொன்னாராம்: "மேடம், கரண்டியெல்லாம் வேண்டாம். இப்படியே சொல்லுங்க. பக்கத்துல ஆள் இருக்கீங்கன்னு தெரியுது."

அன்று சாயங்காலம் அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். அவளே செய்தாள், மாமா இல்லை. "நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்குத்தான் குரல் போனது, எனக்கென்ன வந்தது என்று திட்டினாள்.

7

முடிவு அ: அக்கா கண்ணை மூடினாள். முதல் வரியிலேயே பழைய குரல் அணையை உடைத்துக்கொண்டு—

["பொய்" என்றாள்.]

முடிவு ஆ: மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கைதட்ட, ஒவ்வொருவராக—

["அவங்களை அழ வைக்கிறதுக்கா நான் அங்க போனேன்?"]

நடந்ததைச் சொல்கிறேன். பல் டாக்டர் பாடினார், பிரமாதம். மேலிடம் பாடினார், பிரமாதம். அக்காவைப் பாடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அக்கா கைப்பையைத் திறந்து கரண்டியை எடுத்தாள். பக்கத்தில் ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்க் தனியாகக் கிடந்தது. அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். எழுந்து நிற்கவில்லை. டயர்மேல் உட்கார்ந்தபடியே மெதுவாக ஒரு தட்டு தட்டினாள். பிறகு பாடினாள்.

பாடினாள் என்பதைவிடப் பேசினாள் என்று சொல்லலாம். அந்தக் குரலால் கத்த முடியாது, மேலே ஏற முடியாது, நீட்டி இழுக்க முடியாது. கதவைப் பூட்டாதே என்றபோது தலையைத் திருப்பி ஸ்பேனரைப் பார்த்தாள், இன்னும் ஒரு டீ உண்டா என்று கேட்கிறவள் மாதிரி. ஒரு சொல் மிச்சம் என்றபோது அவள் உதட்டோரம் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது. ‘ஒரே ஒரு சொல்’ என்ற இடத்தில் குரல் காணாமல் போய்விட்டது. சத்தமே வரவில்லை. அவள் பதறவில்லை. அந்தச் சொல்லுக்குப் பதிலாகக் கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அடுத்த வரிக்குப் போனாள்.

அப்போதுதான் நான் அந்தப் பாட்டைக் கேட்டேன். அத்தனை வருஷம் கேட்டது வேறு. படியில் நிற்கிறவன் எனக்குத் தெரிந்தான். போக மனசில்லாமல், போகாமல் இருக்கவும் காரணம் இல்லாமல், ஒரு சொல்லை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நிற்கிறவன். எனக்கு நெஞ்சு விம்மியது. பெருமைதான், வேறொன்றும் இல்லை. நாலு பேருக்கு முன்னால் அந்தக் குரலை வெளியே எடுத்து, இதுதான் என்னிடம் இருக்கிறது, கேளுங்கள் என்று வைத்தாளே, அவள் என் அக்கா.

யாரும் கைதட்டவில்லை. பல் டாக்டர் மட்டும் கேட்டார்: "மேடம், இன்னொரு தடவை?"

"போதும். மதியம் எனக்கு கிளாஸ் இருக்கு."

[இந்த இடத்தில் ‘அவள் இழந்ததே அவளுக்கு வெற்றியைத் தந்தது’ என்று ஒரு வாக்கியம் எழுதி, அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டு தட்டு தட்டினாள். "தொண்டை போனதால ஜெயிச்சேன்னு எழுதாதே. அது போகாம இருந்தாலும் ஒருநாள் மெதுவாப் பாடிப் பாத்திருப்பேன். கொஞ்சம் லேட் ஆகியிருக்கும், அவ்வளவுதான்." அதை நான் நம்பவில்லை. ஆனால் அவள் நம்புகிறாள், அதனால் வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.]

8

பல் டாக்டர் மறுக்கும் இடம் இதுதான்.

கூட்டம் முடிந்தது. எது அச்சுக்குப் போவது என்று எல்லோரும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்பேனரின் தகர டப்பாவில் போட்டார்கள். ஸ்பேனர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாவியோடு நின்றார். சரி வரோம், வரோம் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரும் நகரவில்லை. மேலிடம், கூண்டில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்று ஆரம்பித்தார். அதற்கு ஒரு எண்ணெய் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அந்த எண்ணெய் கிடைக்கும் கடைக்காரர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது வரை பேச்சு போனது.

பல் டாக்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து குனிந்து, "அந்த கிடார் பீஸ் இருக்கே..." என்று ஆரம்பித்துப் பேசிவிட்டுப் போனார். மறுபடியும் வந்தார். "மேடம், அந்தக் கரண்டி எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டார். உலகத்தில் எந்தப் பல் டாக்டருக்குக் கரண்டி விலாசம் வேண்டும்?

காலை வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே அவர் நிழல் கடைக்குள் நீளமாக விழுந்து, எண்ணெய்க் கறைத் தரையைத் தாண்டி அக்காவின் கால்வரை கிடந்தது. அக்கா கரண்டியை நீட்டி அந்த நிழலைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஸ்பேனர் பெருமூச்சு விட்டு டீ வைக்கப் போனார்.

‘நான் அன்னிக்கு நேரா வீட்டுக்குத்தான் போனேன், நிழலும் கிடையாது ஒண்ணும் கிடையாது’ என்கிறார் பல் டாக்டர். என் கைப்பிரதியில் அந்தப் பத்தியின் ஓரத்தில் அதை எழுதியும் வைத்திருக்கிறார். கைப்பிரதியைத் திருப்பிக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தவர், இதைச் சொல்லி முடித்துக் கிளம்புவதற்குள் பால் இரண்டு தடவை காய்ந்துவிட்டது. நீங்கள் யாரை நம்புவீர்களோ, அது உங்கள் பாடு.

9

தகர டப்பாவைத் திறந்தபோது என்ன இருந்தது, ஆல்பத்தின் உறைக்குள் எந்தப் பொருள் அச்சானது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தேன், ஒரே ஒரு வார்த்தைதான்.

போன வாரம் அக்காவிடம் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள், பால்காரர் நின்றார், அவள் அத்தனை பேருக்கும் முன்னால் அந்த உரசல் குரலிலேயே என்னிடம் பேசினாள், நடுவில் குரல் போனால் போன இடத்தில் படியில் ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே பேசினாள். அந்த ஒரு வார்த்தை வந்ததும் கையை நீட்டித் தாளை மூடினாள்.

"அதை எழுதாதே."

"ஏன்க்கா? எல்லாரும் அதுக்குத்தானே இவ்வளவு தூரம் படிச்சிருப்பாங்க?"

"சொல்லிட்டா போயிடுவாங்கடா."

ஆகவே அந்த வார்த்தை என் கையில் இருக்கிறது. எங்கள் கூட்டத்தின் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அந்த நாலு வரிகளும் மேலே இருக்கின்றன. உங்களிடம் இருக்கிற குரலில் ஒருமுறை பாடிப் பாருங்கள். அவசரமில்லை, நான் இங்கேதான் நிற்கிறேன். ஆமாம், கேட்க மறந்துவிட்டேன், வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?